எல்லைக்கல்லுக்கு மேல ஒரு ராட்டினம்

டீக்கடை பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிக்கிறீங்கள்ல, சிரிங்க. எழுவது தாண்டுன கெழவன் வேன் புடிச்சுப் போயி ராட்டினம் ஏறிட்டு வந்திருக்கான்னு சிரிக்கிறீங்க. உங்க சிரிப்பு எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஒன்பது வயசுல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. ஒரு வார்த்தைய மாத்தக் கூடாது, நல்ல வார்த்தையாப் போட்டு மெழுகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். எழுதி முடிச்சதும் இதே பெஞ்சுக்கு வந்து உங்க முன்னாடி வாசிப்பா. பூசாரியும் வழக்கம்போல அந்தத் தூண்ல சாஞ்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். அவன் எந்திரிச்சுப் போனா போக விடாதீங்க.

நம்ம ஊரு பேரு இங்க வேண்டாம். மேல்மலையில பூண்டு போடுற ஊரு, அது போதும். அப்ப நமக்கு ஏது பஸ்சு. கூக்கால் ஏரியச் சுத்திக்கிட்டு நடந்து வரணும். பூண்டு மூட்டையும் கெழங்கு மூட்டையும் மட்டக்குதிரை மேலதான் எறங்கும். உப்பு, வெளக்குக்குச் சீமத்தண்ணி, கல்யாணச் சேலை எல்லாம் அதே குதிரை மேலதான் ஏறி வரும். அந்த வருசம் மாசியில குதிரை மேல ஒரு ராட்டினம் வந்துச்சு.

எட்டுக் குதிரை. முன் குதிரைக்கு ரெண்டு பக்கமும் நீளமாத் தடி கட்டியிருந்துச்சு, வளைவுல திரும்ப முடியாம குதிரை மூச்சு விடுது. பின்னாடி வந்த நாலு குதிரை மேல நாலு தொட்டி. செவப்பும் நீலமுமா பெயிண்ட் அடிச்ச மரத்தொட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கிளிப்படம். கிளிக்கு மூக்கு தேஞ்சு போச்சு, கண்ணு மட்டும் இருந்துச்சு. கடைசிக் குதிரையோட ராட்டினக்காரரும் அவரு சம்சாரமும் நடந்து வந்தாக. வத்தலகுண்டுப் பக்கத்து ஆளுக. அந்தம்மாவுக்குக் குளிரு தாங்கல. சாக்க ரெண்டா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு, "இந்த மேகத்துக்குள்ள மனுசன் எப்படிய்யா குடியிருக்கான்" ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. நான் அவுக பின்னாடியே ஊரு வரைக்கும் ஓடுனேன். நீங்களும்தான் ஓடுனீங்க. இப்ப மறந்துருக்கும்.

நம்ம மலையில சமதளம் ஏது. ஒரு கட்டில் போட எடம் வேணும்னாக்கூட மண்ணை வெட்டணும். இருந்த ஒரே சமதளம் கோயில் மேடு. அதுலயும் பாதியில பந்தல் போட்டாச்சு. மிச்சம் இருந்தது மேட்டோட ஓரம். அங்கதான் எல்லைக்கல்லு இருக்கு. கல்லுக்கு இங்கிட்டு ஊரு, அங்கிட்டு சரிவு. ராட்டினக்காரரு கல்லுக்குப் பக்கத்துலயே ரெண்டு கம்பத்தை நட்டாரு. அவருக்கு அது வெறும் கல்லு. மரத்துல சக்கரம் மாட்டி, அச்சுக்கு வெளக்கெண்ண விட்டு, நாலு தொட்டியவும் தொங்க விட்டாரு. ராட்டினம் சுத்துனா, தரையில இருந்து கெளம்புற தொட்டி கல்லைத் தாண்டி சரிவுக்கு மேல வெளியில போயி, ஒசந்து, உச்சிக்கு வந்து, உள்பக்கமா ஊருக்குள்ள எறங்கும். ரெண்டு நாளா எல்லாரும் வேடிக்கை பாத்தீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணல.

வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியாதுங்கிறதுக்காக ஒண்ணு சொல்லிர்றேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு யாரும் எல்லையத் தாண்டப்படாது. கையில மஞ்சக்கயிறு ஏறுனது ஏறுனதுதான். செத்தாலும் உள்ளதான், பொறந்தாலும் உள்ளதான். காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருக்குற வெளியூராளும் எட்டு நாள் முடிஞ்சுதான் போகணும். எல்லைங்கிறது கல்லுக்குக் கல்லு நேர்கோடு. கோயில் மேட்டுக் கல்லு ஒண்ணு. மேற்க எங்க பூண்டுக் காட்டுப் பக்கம் பெரணிப் பொதருக்குள்ள ஒரு கல்லு. இது மாதிரி ஊரச் சுத்தி ஏழு. காப்பு அன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சு ஏழு கல்லுக்கும் மஞ்சத்துணி கட்டுறது ஒருத்தர் சோலி. அந்தச் சோலி எங்கப்பாவுக்கு. அவருக்கு முன்னாடி அவங்கப்பாவுக்கு. அந்த ஏழு நாள்… இல்ல, எட்டு நாள், எங்கப்பா நடக்குற நடையே வேற. ஆட்டுக்குட்டி கல்லைத் தாண்டுனாக்கூட ஆளு சேத்துருவாரு.

காப்புக் கட்டுன அன்னைக்கு மத்தியானம் ராட்டினக்காரரு மணியடிச்சாரு. வெண்கல மணி, கோயில் மணியவிடச் சின்னது. மொத மொத ஏற யாருக்கும் தைரியம் இல்ல. "ரெண்டு பயக வாங்கலே, சும்மா ஏத்துறேன்" ன்னாரு. நான் போயிட்டேன். எம் பின்னாடி ஒருத்தன் வந்தான். அப்ப அவன் பூசாரி மகன். இப்ப அவன்தான் பூசாரி. எங்க ரெண்டு பேரையும் ஒரு தொட்டியில ஒக்கார வச்சு குறுக்கக் கட்டையப் போட்டாரு. மத்த மூணு தொட்டியிலயும் எடைக்குக் கெழங்கு மூட்டை. நான் செவப்புக் கம்பளிக் குல்லா போட்டிருந்தேன், எங்கம்மா பின்னுனது.

மொதச் சுத்துல பயந்துபோயி கட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். தரை எங்கயோ போச்சு. சரிவு கீழ ஆழமாத் தெரியுது, மறுநிமிசம் ஆகாசம், மறுநிமிசம் உங்க தலையெல்லாம். மரம் கிரீச்சுன்னு கத்துது. வெளக்கெண்ண வாடை. ரெண்டாஞ் சுத்துல பயம் போயிருச்சு. மூணாஞ் சுத்துல, இது நிக்கவே கூடாதுன்னு நெனச்சேன். கோயிலுக்குப் போனா எல்லாரும் எதையாவது வேண்டிக்கிறீங்கள்ல. நான் என் ஆயுசுல மனசார வேண்டுனது அது ஒண்ணுதான்.

நாலாஞ் சுத்துல நாங்க உச்சிக்கு வரும்போது, "நிப்பாட்டு" ன்னு ஒரு சத்தம். எங்கப்பா.

ராட்டினக்காரரு கயித்தைப் போட்டுக் கம்பத்தோட இழுத்துக் கட்டிட்டாரு. நாங்க உச்சியில. தொட்டி ஆடுச்சு. அந்த ஆட்டத்துல என் குல்லா கழண்டு கல்லுக்கு அங்கிட்டு சரிவுல போயி விழுந்துருச்சு.

எங்கப்பா கல்லுக்கிட்ட நின்னுக்கிட்டுக் கையை நீட்டிக் காமிக்கிறாரு. "பெரியவரே, இங்க பாருங்க. தொட்டி கல்லைத் தாண்டிப் போயிட்டு வருது. ரெண்டு பயகளும் காப்போட எல்லையத் தாண்டிட்டானுக. ஒரு தடவை இல்ல, நாலு தடவை."

கூட்டம் பூராம் கல்லைப் பாத்துச்சு, தொட்டியப் பாத்துச்சு. ஊர்ப்பெரியவரு வெத்தலையத் துப்பிட்டு வந்தாரு. அப்ப இருந்த பூசாரி, இவன் அப்பன், வேப்பங்கொலையோட வந்தாரு.

"தரையில கால் வைக்கலையேப்பா. ஆகாசத்துல தான போனானுக" ன்னாரு பெரியவரு.

"எல்லை ஆகாசத்துக்கும் உண்டு" ன்னாரு எங்கப்பா.

"அப்ப காக்காவுக்கும் காப்புக் கட்டிருவோமா" ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டான். சிரிச்சீங்க. எங்கப்பா திரும்பிப் பாத்தாரு, அடங்கிட்டீங்க.

ராட்டினக்காரரு கும்பிட்டுக்கிட்டே சொன்னாரு: "சாமி, கயித்த அவுத்தா தொட்டி அப்படியே உள்பக்கமா எறங்கிரும். பிள்ளைக ஊருக்குள்ளதான் வந்து எறங்கும். கல்லுப் பக்கமே போகாது."

"அது எப்படி. எல்லை தாண்டுனவன் தண்ணி தெளிக்காம ஊருக்குள்ள வரலாமா? போன வழியிலதான் திரும்பணும். கல்லுக்கு அங்கிட்டு வச்சு மஞ்சத்தண்ணி ஊத்தணும்" ன்னாரு பூசாரி.

"அப்படின்னா இன்னொரு தடவை தாண்டணுமேய்யா" ன்னாரு பெரியவரு.

"தாண்டுனாத்தான் திரும்ப முடியும்."

"தாண்டாமயே உள்ள எறங்கிரலாம்ங்கிறான் ராட்டினக்காரன்."

இப்படியே போகுது. எங்கம்மா பொம்பளைக கூட்டத்துல இருந்து, "மொதல்ல பயகள எறக்குங்க, அப்புறம் வழக்கப் பேசுங்க" ன்னுச்சு. ஒருத்தரும் காதுல வாங்கல. எம்புட்டு நேரம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கால் வலிச்சு நீங்க தரையில ஒக்காந்துட்டீங்க, அது ஞாபகம் இருக்கு.

உங்களுக்கு நான் பயந்து போயி மேல ஒக்காந்திருந்த மாதிரி நெனப்பு. இல்லலே. மேல எவ்வளவு அமைதின்னு தெரியுமா உங்களுக்கு. நீங்க கத்துறது எல்லாம் பூச்சி கத்துற மாதிரிதான் கேட்டுச்சு. கூக்கால் ஏரி தெரிஞ்சுச்சு, கையகலத்துல, ஈயப் பாத்திரம் கவுத்துன மாதிரி. அதுக்கும் அங்கிட்டு மலை எறங்கிப் போயி வெயிலடிக்கிற சமவெளி தெரிஞ்சுச்சு. வெயில்னு ஒண்ணு கீழ அம்புட்டுக் கெடக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான் பொறந்த ஊர நான் அன்னைக்குத்தான் பாத்தேன். எந்த வீடு எந்த வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது, எந்த வரப்பு எங்கிட்டு வளையுது, எல்லாம்.

அப்பத்தான் மேற்க பாத்தேன். பெரணிப் பொதருக்குள்ள மஞ்சத்துணி தெரியுது. எங்கப்பா வெள்ளனே கட்டுன துணி. கீழ நின்னா அந்தக் கல்லு யாருக்கும் தெரியாது, வழியும் வளைஞ்சு போகும். மேல இருந்து பாத்தா இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நூல் புடிச்ச மாதிரி நேரா ஒரு கோடு. எங்க பூண்டுக் காடு அந்தக் கோட்டைத் தாண்டி அங்கிட்டுக் கெடக்கு. காடு பூராம் இல்ல, கடைசிப் பாத்திக. எங்கப்பா தெனம் வெள்ளனே போயி களை புடுங்குவாருல்ல, அந்தப் பாத்திக. காப்புக் கட்டுன பெறகும் அன்னைக்குக் காலையில போயி நின்னாருல்ல, அந்தப் பாத்திக.

பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். "ஏலே, அங்க பாரு. எங்க பூண்டு கல்லுக்கு வெளிய கெடக்கு. மூணு பாத்தி."

அவன் கண்ணச் சுருக்கிக்கிட்டுப் பாத்தான். வெரல விட்டு எண்ணுனான். "மூணு இல்லலே, நாலு. அந்தா, ஓரத்துல ஒண்ணு குட்டைப் பாத்தி" ன்னான்.

இந்த வார்த்தைய நல்லாக் கேட்டுக்கங்க. பேத்திகிட்ட இத ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருக்கேன்.

கீழ இருந்து எங்கப்பா கத்துறாரு. "எறங்கி வா, இன்னைக்கு உன் தோல உரிக்கிறேன். காப்போட எல்லையத் தாண்டுற நாயி." ஊரே கேக்க நாயின்னாரு. அதுவரைக்கும் எனக்கு அவரச் சொல்லிக் குடுக்கணும்னு நெனப்பே இல்ல. அந்த வார்த்தை கேட்டதும் சொல்லிட்டேன். கத்தித்தான் சொன்னேன்.

"எப்பா, நம்ம பூண்டுப் பாத்தி கல்லுக்கு அங்கிட்டுக் கெடக்குப்பா. இங்க இருந்து நேராத் தெரியுது. நீயும் தெனம் தாண்டுற."

கீழ எல்லார் தலையும் எங்கப்பா பக்கம் திரும்புச்சு. எங்கப்பா மூஞ்சி அங்க இருந்து எனக்கு சரியாத் தெரியல. அவரு தலையில கட்டியிருந்த துண்டு மட்டும் தெரிஞ்சுச்சு. அது அசையவே இல்ல.

பெரியவருக்கு இப்ப எங்கள எறக்குறது மறந்து போச்சு. "என்னப்பா சொல்றான் இவன்" ன்னு எங்கப்பாவக் கேட்டாரு.

"பய தலை சுத்திப் போயி ஒளர்றான்" ன்னாரு எங்கப்பா. சத்தம் கம்மியாத்தான் வந்துச்சு.

"யாராவது ஏறிப் பாத்தாத் தெரிஞ்சிரும்ல" ன்னு எவனோ கேட்டான். நல்ல கேள்வி. ஆனா யாரு ஏறுறது? ஏறுனா கல்லைத் தாண்டணும். தாண்டுனா காப்பு போச்சு. காப்பு போனவன் சொல்ற சாட்சியம் செல்லாது. ஏறாதவனுக்குத் தெரியாது. அம்புட்டுப் பெரிய ஆளுக கூடிப் பேசி இங்க வந்து நின்னீங்க. சரி, பொதருக்குள்ள போயி கல்லைப் பாத்துட்டு வரலாம்ல? அது எங்கப்பா சோலி. கோயில் மேட்டுக் கல்லத் தவிர மத்தக் கல்லுக்கிட்ட காப்புக் காலத்துல வேற ஆளு போகப்படாது. ராட்டினக்காரரு, "சாமி, எனக்குக் காப்புக் கட்டல, நான் ஏறிப் பாத்துச் சொல்லவா" ன்னு கேட்டாரு. "நீ வெளியூரான், உனக்கு எது கல்லு எது பாத்தின்னு என்ன தெரியும்" ன்னுட்டாரு பூசாரி.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தன். எம் பக்கத்துல ஒக்காந்திருந்தவன். அவனும் தாண்டுனவன்தான், ஆனா பூசாரி மகன்ங்கிறதால அத யாரும் கேக்கல. பூசாரி மேல பாத்து அவரு மகனக் கேட்டாரு.

"ஏலே, நீ பாத்தியா?"

அவன் அப்பனப் பாத்தான். அவங்கப்பன்தான் ஊருக்கே காப்புக் கட்டுனவரு. எல்லைக்கு வெளிய போயி வாற ஆளுக்குக் காப்புக் கட்டிட்டாருன்னு ஆனா, அந்தக் காப்பே செல்லாது, திருவிழாவே செல்லாது. அவனுக்கு இதெல்லாம் புரிஞ்சுச்சான்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பத்து வருசம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. அவன் என்னயப் பாக்கல. கீழ பாத்துச் சொன்னான்.

"நான் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்ப்பா. ஒண்ணும் பாக்கல."

அம்புட்டுத்தான். கயித்த அவுத்தாக. போன வழியிலயே பின்னாடி சுத்துனாக. தொட்டி சரிவுக்கு மேல வெளியில வந்ததும் மறுபடி நிப்பாட்டி, கல்லுக்கிட்ட நின்னுக்கிட்டு எங்கப்பா கொடத்துத் தண்ணிய எங்க மேல வீசி ஊத்துனாரு. மாசிக் குளிரு. மஞ்சத்தண்ணி கண்ணுல எரிஞ்சுச்சு. அவன் மேல ஒரு கொடம். என் மேல மூணு கொடம்.

ராட்டினத்தைப் பிரிக்கச் சொல்லிட்டாக. பிரிச்சாரு. ஆனா ஊர விட்டுப் போக முடியாது, காப்பு முடியணும்ல. எட்டு நாளும் தடிகள அடுக்கி வச்சுக்கிட்டு, கோயில் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு, திருவிழாக் கூட்டத்தைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. அவரு சம்சாரம் சாக்குக்குள்ள இருந்து ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாக்கும். என்னயப் பாத்து, "நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா எங்க பொழப்பு ஓடியிருக்குமேடா" ன்னுச்சு. அது தப்பு. எங்கப்பா வாயத் தெறக்காம இருந்திருக்கணும். ஆனா அந்தம்மாகிட்ட நான் எதுத்துப் பேசல. அது ஒருத்தி திட்டுனது மட்டும் எனக்கு வலிக்கவும் இல்ல. என்னயத் திட்டுறதுக்கு ஊருல உரிமை உள்ள ஒரே ஆளு அதுதான்னு இப்பயும் நெனைக்கிறேன்.

மூணாம் நாளு வெள்ளனே, பனிக்குள்ள, எங்கப்பா காட்டுக்குப் போனாரு. நான் பின்னாடி போனேன், அவருக்குத் தெரியாம. பொதருக்குள்ள நின்னு பாத்தேன். பூண்டு இன்னும் இருவது நாளு மண்ணுல கெடக்கணும். தலை சரியாத் தெரளல, பல்லு பிரியல. அத மடமடன்னு புடுங்குறாரு. பச்சப்பூண்டு வாடை பொதரு வரைக்கும் வந்துச்சு. புடுங்கிக் குவிச்சு மண்ணத் தள்ளி மூடுனாரு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஓரத்துல இருந்த குட்டைப் பாத்தியவும் புடுங்குனாரு. நாலு.

அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எப்ப இருந்து தெரியும்னுதான் எனக்குத் தெரியல. அந்தப் பாத்திக வெட்டுனது என் தங்கச்சி பொறந்த வருசம். வீட்டுல அஞ்சாவது வாயி. கல்லப் பாக்காமலா வெட்டியிருப்பாரு? தெரியாம வெட்டிப்புட்டு, பெறகு தெரிஞ்சும் விட முடியாம இருந்திருப்பாருன்னு என் வீட்டுக்காரி ஒரு தடவை சொன்னா. இருக்கலாம். அதுக்காக அவர மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. பூண்டப் புடுங்குன மனுசன் கோயில் மேட்டுக்கு வந்து, "பய சொன்னது நெசம்" ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. சாகுற வரைக்கும் சொல்லல. அவரும் நானும் ஒரே வீட்டுல இருவது வருசம் இருந்தோம், உப்பு எங்க இருக்குன்னு கேக்குற அளவுக்குத்தான் பேச்சு.

நீங்க எனக்குப் பேரு வச்சீங்க. கிறுகிறுப்பான். தலை சுத்துனவன். அந்தப் பேரு போகவே இல்ல. ஒரு தடவை கொட்டாங்குளத்து ஓடைப் பக்கம் ஒம்போது காட்டுமாடு நிக்கிறதப் பாத்துட்டு ஓடியாந்து சொன்னேன். "கிறுகிறுப்பானுக்கு ஒண்ணு ஒம்போதாத் தெரியும்லே" ன்னு சிரிச்சீங்க. விடியும்போது உங்க காட்டுல கெழங்கு இருந்துச்சா? அப்பயும் நான் சொன்னது நெசம்னு ஒருத்தன் சொல்லல. வரப்பு வழக்குல என்னயச் சாட்சிக்குக் கூப்புட்டதே கெடையாது. பொண்ணு பாக்கப் போன எடத்துல, "இவர் சொல்றத நம்பலாமா" ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான் ஒருத்தன். அவன் இங்கதான் ஒக்காந்திருக்கான்.

ஆனா உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. நீங்க என்னய அந்த உச்சியில கட்டி வச்சீங்க. நான் அங்கயே இருந்துட்டேன்.

லாரிக்கு மூட்டை தூக்கப் போனேன்ல, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல்லு, மதுரைன்னு. சந்தையில மூட்டைய எறக்குனதும் மத்தவன் சாராயக் கடைக்குப் போவான். நான் ராட்டினம் எங்க போட்டிருக்குன்னு தேடிப் போவேன். சித்திரையில மதுரைப் பொருட்காட்சிக்கு வருசா வருசம் போனேன். பெரிய ராட்டினம், ஆடுற கப்பல், தட்டு மாதிரி சுத்துறது, எதையும் விட்டதில்ல. ராட்டினக்காரப் பயக, "அண்ணே வந்துட்டாரு" ம்பானுக. எனக்குச் சுத்துறது முக்கியம் இல்ல. ஆள் ஏத்துறதுக்காக ஒவ்வொரு தொட்டியா நிப்பாட்டுவான்ல, அப்ப நான் உச்சிக்கு வரணும். அந்த ஒரு நிமிசம். கீழ இருக்குறவன் பேச்சு மேல வராது. கீழ இருக்குறவன் மறைச்சு வச்சது எல்லாம் மேல தெரியும்.

இப்பப் போன மாசம் நடந்ததுக்கு வர்றேன். நம்ம ஊருப் பிள்ளைக வேன் புடிச்சு மதுரைப் பக்கம் ஒரு பார்க்குக்குப் போச்சுக. நான் மொத ஆளா ஏறி ஒக்காந்துட்டேன். பூசாரி பேத்தி, தாத்தா வந்தாத்தான் நானும் வருவேன்னு அழுதுச்சு, அதனால அவனும் வந்தான். வேன்ல முன்னாடி சீட்டுல அவன், கடைசிச் சீட்டுல நான்.

அங்க ஒண்ணு நிக்குது பாருங்க, இரும்புல. பாம்பு எந்திரிச்சு நின்னு படுத்துப் பொரண்ட மாதிரி தண்டவாளம். ரோலர் கோஸ்டர்னு பேத்தி சொன்னா. நான் டிவியில பாத்துருக்கேன், கிட்டத்துல பாத்தது அன்னைக்குத்தான். வாசல்ல நின்ன தம்பி வயசு கேட்டான். அம்பத்தெட்டுன்னேன். என் மூஞ்சியப் பாத்தான். "மலையில வெயில் படாம இருக்குறது தம்பி, அதான் சுருங்கிருச்சு" ன்னேன். சிரிச்சுக்கிட்டே விட்டுட்டான். குல்லாவக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கன்னான். ஏற்கனவே ஒண்ணத் தொலைச்சவன் நான், மறுபேச்சு இல்லாமக் கழட்டிக் குடுத்தேன்.

ரெண்டு ரெண்டு பேராத்தான் ஒக்காரணும். பேத்திக ரெண்டும் ஜோடி சேந்துக்கிச்சுக. மிச்சம் ரெண்டு கெழவன். தம்பி பூசாரியக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து என் பக்கத்துல தள்ளி, மேல இருந்து கம்பிய எறக்கிப் பூட்டிட்டான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல.

வண்டி ஏறுது. அடியில சங்கிலி டக்கு டக்கு டக்குன்னு இழுக்குது. மல்லாந்து கெடக்கோம், காலுக்கு முன்னாடி ஆகாசம். அவன் கம்பியப் புடிச்சிருக்குற கை வெளுத்துப் போச்சு. வாயி என்னமோ முணுமுணுக்குது, மந்திரம் சொல்றான்போல. நான் இந்த நேரத்துக்காக ஒண்ணும் திட்டம் போடல. சத்தியமாப் போடல. உச்சிக்கு வந்ததும் சங்கிலிச் சத்தம் நின்னு, வண்டி ஒரு கணம் அப்படியே நிக்குது பாருங்க, அந்தக் கணத்துல என் வாயில தானா வந்துருச்சு.

"அன்னைக்கு எங்க பூண்டு மூணு பாத்தி வெளிய கெடந்துச்சுல்ல?"

"நாலுலே" ன்னான்.

யோசிக்கவே இல்ல. எண்ணிக்கை தப்பாச் சொன்னா பொறுக்க மாட்டான், சின்ன வயசுல இருந்தே அப்படி. சொன்ன பெறகுதான் என்ன சொன்னோம்னு அவனுக்கு ஒறைச்சுச்சு. என்னயத் திரும்பிப் பாத்தான். அதுக்குள்ள வண்டி கவுந்து கீழ போயிருச்சு. எறங்குற வரைக்கும் நான் கத்துனேன். ரொம்ப நாளாச்சு அப்படிக் கத்தி.

எறங்கி வெளிய வந்தா அங்க ஒரு டிவியில எல்லார் போட்டோவும் காமிக்கிறாக. வண்டி செங்குத்தா விழும்போது அவுகளே எடுக்குறாக. முன்சீட்டுப் பொம்பளை கண்ண மூடியிருக்கு. பின்னாடி ரெண்டு வாலிபப் பயக கண்ண மூடியிருக்கானுக. எங்க பேத்திக ரெண்டும் மூடியிருக்குக. என் பக்கத்துல ஒக்காந்திருக்குறவன் மட்டும் ரெண்டு கண்ணையும் முட்டை மாதிரித் தெறந்து வச்சிருக்கான். அம்புட்டு ஒசரத்துல இருந்து விழும்போது கண்ண மூடல அவன்.

அவன் கிட்ட வந்து அந்தப் போட்டோவப் பாத்தான். "இத வாங்காத" ன்னான். வாங்குனேன்.

வேன்ல வரும்போது வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுறப்ப, பின்சீட்டுக்கு வந்து என் பக்கத்துல ஒக்காந்தான். "அப்பன் மூஞ்சியப் பாத்துட்டேன்லே. எனக்கும் ஒன்பது வயசுதான" ன்னான். ஒன்பது வயசு சரி. பத்து வயசுல சொல்லியிருக்கலாம். இருவதுல சொல்லியிருக்கலாம். அவங்கப்பன் போயி, எங்கப்பன் போயி, இவன் கையாலயே வருசா வருசம் எனக்குக் காப்புக் கட்டுனானே, அப்ப கயித்த முடிச்சுப் போட்டுக்கிட்டே காதுல சொல்லியிருக்கலாம். இத நான் அவன்கிட்டக் கேக்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அந்தப் போட்டோதான் இப்பக் கடைச் செவத்துல, காலண்டருக்குக் கீழ ஒட்டியிருக்கு. மாஸ்டர்கிட்டக் கேட்டு நான்தான் ஒட்டுனேன். ஒரு வாரமா அதப் பாத்துச் சிரிச்சீங்க, வாயத் தெறந்துக்கிட்டு இருக்குற என்னயப் பாத்து. என்னயப் பாக்காதீங்க. பக்கத்துல இருக்குறவன் கண்ணப் பாருங்க. பெறகு இங்க தூண்ல சாஞ்சு ஒக்காந்திருக்குறவன்கிட்ட, பேத்தி இத வாசிச்சு முடிச்சதும், எத்தன பாத்தின்னு கேளுங்க.